பாகப்பிரிவினைப் பணம் வந்திருக்கிறது, தசமபாகம் எதில் எடுப்பது?

புறக்குடி (இழை தொடங்கியவர்)

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இத்தனை நாள் ஓரமாக உட்கார்ந்து வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இப்போது ஒரு கேள்வி.

போன வருடம் அப்பா கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அவர் வீட்டை விற்று அண்ணன், நான், தங்கை மூவரும் சமமாகப் பிரித்துக்கொண்டோம். அப்பா எழுதிவைத்ததும் அப்படித்தான். சண்டை சச்சரவு ஒன்றும் இல்லை. கடைசி ஏழு வருடம் வேலையை விட்டுவிட்டு அப்பாவைப் பார்த்துக்கொண்டது தங்கைதான் என்பதால் அவள் ஏதாவது கேட்பாளோ என்று அண்ணனுக்கு ஒரு பயம் இருந்தது. அவள் வாயே திறக்கவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

என் கேள்வி தசமபாகம் பற்றியது, அதாவது வரவில் பத்தில் ஒன்றைக் கர்த்தருக்குக் கொடுப்பது. வந்த தொகையில் அப்படியே பத்தில் ஒன்று எடுப்பதா, விற்ற செலவும் வரியும் போக மீதியில் எடுப்பதா? அப்பா தன் சம்பளத்தில் ஒழுங்காகத் தசமபாகம் கொடுத்து, மிச்சம் பிடித்துக் கட்டிய வீடு அது. ஒரே பணத்துக்கு இரண்டு முறை கொடுப்பதுபோல ஆகாதா? எனக்கு வீட்டுக்கடன் வேறு பாக்கி இருக்கிறது.

இதைச் சொன்னபோது என் மனைவி கேட்டாள்: "அந்த ஒன்றைக் கொடுத்துவிட்டால் மீதி ஒன்பதைப் பற்றி அவர் கேட்கவே மாட்டாரா?" கேலி செய்தாளா, நிஜமாகவே கேட்டாளா, தெரியவில்லை. தெரிந்தவர்கள் வசனத்தோடு சொல்லுங்கள்.

---

ஆதிப்பலன்

பிரதர், இதில் குழப்பமே இல்லை. "உன் பொருளாலும், உன் எல்லா விளைவின் முதற்பலனாலும் கர்த்தரைக் கனம்பண்ணு" (நீதிமொழிகள் 3:9). முதற்பலன் என்றால் கழிப்பதற்கு முன். செலவுபோக மிஞ்சியதைக் கொடுத்தால் அது கடைசிப் பலன். அப்பா கொடுத்தது அப்பாவின் கீழ்ப்படிதல். உங்கள் கைக்கு வந்தபோது அது உங்களுக்குப் புது வரவு. தசமபாகங்களைக் கொண்டுவந்தால் வானத்தின் பலகணிகளைத் திறந்து ஆசீர்வதிப்பேன் என்கிற மல்கியா 3:10-ஐ வைத்து ஜெபியுங்கள். நான் இருபது வருடமாக அப்படித்தான் செய்கிறேன், ஒரு குறைவும் வந்ததில்லை.

---

தோமா

இருபது வருடம் கொடுத்தும் குறைவு வந்தவர்களை எனக்குத் தெரியும் பிரதர். சாட்சி சொல்ல அவர்களை யாரும் மேடைக்குக் கூப்பிடுவதில்லை, அவ்வளவுதான்.

நான் இப்போது எந்தச் சபைக்கும் போவதில்லை. முன்பு போன இடத்தில் "எல்லாம் கர்த்தருடையது" என்று மாதம் ஒருமுறையாவது பிரசங்கம் இருக்கும். ஒருநாள் எழுந்து கட்டட நிதிக் கணக்கைக் கேட்டேன். "கர்த்தருடைய பணத்துக்குக் கணக்குக் கேட்க நீ யார்?" என்றார்கள். பெட்டியில் போடும்வரை என் பணம், போட்டபின் கர்த்தருடைய பணம், செலவு செய்வது மட்டும் இரண்டு மூன்று பேர். நல்ல ஏற்பாடு!

புறக்குடி, உங்கள் மனைவி கேலி செய்யவில்லை என்று நினைக்கிறேன்.

---

ரெண்டுகாசு

ஆதிப்பலன் பிரதர், மல்கியாவுக்கு முன்னால் உபாகமம் 14-ஐ ஒருமுறை வாசித்துவிடலாம். அங்கே தசமபாகத்தை என்ன செய்யச் சொல்லியிருக்கிறது தெரியுமா? குடும்பத்தோடு போய்க் கர்த்தருடைய சந்நிதியில் சாப்பிட்டுச் சந்தோஷப்படச் சொல்லியிருக்கிறது. தூரம் அதிகமானால் பணமாக்கிக் கொண்டுபோய் அங்கே வாங்கிச் சாப்பிடலாம். மூன்றாம் வருடத்தில் மட்டும் அது வெளியே போகாமல் ஊர் வாசலிலேயே இருக்கும். லேவியன் (ஆலய ஊழியக் கோத்திரத்தான்), பரதேசி, திக்கற்ற பிள்ளை, விதவை, இவர்கள் வந்து சாப்பிட்டுத் திருப்தியடைய வேண்டும். நான் பிறந்தது முதல் சபையில்தான் இருக்கிறேன். இந்த அதிகாரத்தை வைத்து ஒரு காணிக்கைப் பிரசங்கம்கூடக் கேட்டதில்லை.

இன்னொன்று. தசமபாகம் விளைச்சலில் வந்தது. நிலத்துக்கு வேறு சட்டம். "தேசம் என்னுடையதாயிருக்கிறபடியால், நீங்கள் நிலங்களை அறுதியாய் விற்கவேண்டாம், நீங்கள் பரதேசிகளும் என்னிடத்தில் புறக்குடிகளுமாயிருக்கிறீர்கள்" (லேவியராகமம் 25:23). ஐம்பதாம் வருஷம் யூபிலியில் நிலம் பழைய குடும்பத்துக்கே திரும்பும். அதனால் நிலத்தை வாங்கியவன் உண்மையில் வாங்கியது அடுத்த யூபிலிவரை உள்ள விளைச்சல்களைத்தான், விலையும் அந்த வருஷங்களை எண்ணித்தான். புறக்குடி என்று பெயர் வைத்துக்கொண்டவருக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

---

ஆதிப்பலன்

சிஸ்டர், அதே அதிகாரம் 29, 30 வசனங்களையும் பாருங்கள். மதில்சூழ்ந்த பட்டணத்து வீட்டை விற்று ஒரு வருஷத்துக்குள் மீட்காவிட்டால் அது வாங்கினவனுக்கே நிலைத்துவிடும், யூபிலியிலும் திரும்பாது. பிரதர் விற்றது வீடு.

---

ரெண்டுகாசு

சரி, ஒப்புக்கொள்கிறேன். வீடு வேறு, வயல் வேறுதான். (என் மகன் பக்கத்தில் உட்கார்ந்து சிரிக்கிறான்.)

---

கணக்குப்பிள்ளை

தம்பி தோமாவின் பதிவைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் கணக்கு எழுதிப் பிழைத்தவன். ஓய்வுக்குப் பிறகு இரண்டு சபைகளின் கணக்கைச் சம்பளம் வாங்காமல் பார்த்துக் கொடுக்கிறேன்.

நம் பழைய வேதாகமத்தில் உக்கிராணக்காரன் என்று ஒரு சொல் இருக்கிறது. உக்கிராணம் என்றால் சாமான் வைக்கும் அறை. சாவி இவன் இடுப்பில் இருக்கும், சாமான் இவனுடையது அல்ல. கேட்டவர்களுக்கு அளந்து கொடுப்பதுதான் வேலை. தானும் அதிலிருந்துதான் சாப்பிடுவான், அதில் தப்பு ஒன்றும் இல்லை. திருவிவிலியம் என்ற புது மொழிபெயர்ப்பில் 'பொறுப்பாளர்' என்று போட்டிருக்கிறார்கள். சொல் சுத்தமாகத்தான் இருக்கிறது, ஆனால் சாவிச் சத்தம் கேட்கவில்லை. லூக்கா 16-இல் எஜமான் கூப்பிட்டுச் சொல்வது, "உன் உக்கிராணக்கணக்கை ஒப்புவி." உரிமை வேறொருவருடையது என்றாலே கணக்கு என்று ஒன்று உண்டு. "இது கர்த்தருடையது, அதனால் கணக்குக் கேட்காதே" என்பது தலைகீழ். கர்த்தருடையது என்பதால்தான் கேட்க வேண்டும். சொந்தப் பணமாக இருந்தால் யார் கேட்கப்போகிறார்கள்?

எஸ்றா 8-ஐ எடுத்துப் பாருங்கள். ஆலயக் காணிக்கையோடு பாபிலோனிலிருந்து எருசலேமுக்குப் பயணம். வழியில் சத்துருக்கள். ராஜாவிடம் படைத்துணை கேட்க எஸ்றா வெட்கப்பட்டார். எங்கள் தேவன் காப்பார் என்று முன்னமே சொல்லிவிட்டாரே! உபவாசித்து ஜெபித்துவிட்டுக் கிளம்புகிறார்கள். அவ்வளவு விசுவாசமுள்ள மனிதர் கிளம்புவதற்கு முன் என்ன செய்தார்? 650 தாலந்து வெள்ளி, 100 தாலந்து பொன், பணிமுட்டுகள் (ஆலயப் பாத்திரங்கள்), எல்லாவற்றையும் நிறுத்துப் பார்த்து ஆசாரியரில் 12 பேர் கையில் ஒப்படைத்தார். எருசலேம் போனதும் நாலாம் நாள் தேவாலயத்தில் மறுபடியும் நிறுத்தார்கள். எண்ணிக்கையும் நிறையும் சரிபார்த்து, நிறையெல்லாம் எழுதிவைக்கப்பட்டது. கொள்ளைக்காரனிடமிருந்து காக்கத் தேவன் போதும் என்று நம்பியவர், கூட வருகிறவர்களுக்குத் தராசு வைத்தார். என் தொழிலுக்கு வேதத்தில் கிடைத்த மரியாதை இது என்று நினைத்துக்கொள்வேன்.

பவுலும் அப்படித்தான். எருசலேம் பரிசுத்தவான்களுக்காகச் சேர்த்த பணத்தைத் தனியாகத் தூக்கிக்கொண்டு போகவில்லை. தீத்துவோடு இன்னும் இரண்டு சகோதரரை அனுப்புகிறார். யாரும் குற்றம் சாட்டக்கூடாது என்று காரணமும் சொல்கிறார். கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாக இருக்க வேண்டுமாம் (2 கொரிந்தியர் 8:20, 21).

---

தோமா

ஐயா, நன்றாகச் சொன்னீர்கள். ஆனால் 2 இராஜாக்கள் 12:15-ஐ என்ன செய்வது? யோவாஸ் ராஜா காலத்தில் பணம் வாங்கினவர்களிடம் கணக்குக் கேட்கவில்லை, அவர்கள் உண்மையாய் நடந்தார்கள் என்று இருக்கிறது. எனக்கு அன்றைக்கு அந்த வசனத்தைத்தான் காட்டினார்கள்.

---

கணக்குப்பிள்ளை

காட்டினவர் மேலே எட்டு வசனம் தள்ளி ஆரம்பித்திருந்தால் உங்களுக்குப் பதில் சொல்ல முடியாமல் போயிருப்பார்.

ஆலயத்தைப் பழுதுபார்க்கும்படி ஆசாரியரிடம் ராஜா பணத்தை விட்டிருந்தார். அவர் ஆட்சியின் 23-ஆம் வருஷம்வரை ஒரு பழுதும் பார்க்கப்படவில்லை! இனி நீங்கள் பணம் வாங்கவே வேண்டாம் என்று ராஜா சொல்லிவிட்டார். பிறகுதான் ஆசாரியன் யோய்தா ஒரு பெட்டியை எடுத்து, மூடியில் துவாரம் போட்டு, பலிபீடத்துக்குப் பக்கத்தில் வைத்தார். பெட்டி நிறைந்ததும் ராஜாவின் சம்பிரதியும் பிரதான ஆசாரியனும் இரண்டு பேருமாக எண்ணிக் கட்டினார்கள். அதன் பிறகு வேலை செய்விக்கிறவர்கள் கைக்குப் போனது, அவர்கள் அதைத் தச்சருக்கும் கொற்றருக்கும் கல்தச்சருக்கும் கொடுத்தார்கள். கணக்குக் கேட்கப்படாதவர்கள் அந்த வேலை செய்வித்தவர்கள். வசூலித்தவர்கள் பக்கம் இரண்டு பேர் எண்ணாமல் ஒரு காசும் நகரவில்லை. வசனத்தை மாற்றி மாட்டியிருக்கிறார்கள், தம்பி.

---

ஒலிவ இலை

கத்தோலிக்கப் பக்கத்திலிருந்து ஒரு குரல். எங்களிடம் தசமபாகக் கட்டாயம் அவ்வளவாக இல்லை, அதனால் இந்தக் கேள்வியே எனக்குக் கொஞ்சம் புதிது. திருச்சபைத் தந்தையர்கள் பத்தில் ஒன்றோடு நின்றதாக நான் பார்த்ததில்லை. 4-ஆம் நூற்றாண்டில் செசரியாவில் வாழ்ந்த புனித பசிலியார் பஞ்ச காலத்தில், லூக்கா 12-இல் களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்தவனை வைத்து மறையுரை செய்தார். நீ பூட்டிவைத்திருக்கும் அப்பம் பசித்தவனுடையது, பெட்டியில் மடித்து வைத்திருக்கும் உடை உடையில்லாதவனுடையது என்பது அதன் சாரம். அவர் பேசியது தர்மத்தைப் பற்றி அல்ல, அடுத்தவன் பொருளைப் பிடித்துவைத்திருப்பதைப் பற்றி.

புனித அம்புரோசியார் சிறைப்பட்டவர்களை மீட்க ஆலயத்தின் தங்கப் பாத்திரங்களையே உருக்கினார். அதற்காக விமர்சனமும் வாங்கினார். ஆலயப் பொருளும் உக்கிராணம்தான் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

அதற்காகத் தனிச்சொத்தே கூடாது என்று திருச்சபை சொன்னதில்லை. 1891-இல் திருத்தந்தை 13-ஆம் லியோ தொழிலாளர் நிலை பற்றி எழுதிய சுற்றுமடலில் தனிச்சொத்துரிமையை உறுதியாகவே ஆதரித்தார். அதிலேயே அக்குவினாவின் புனித தோமாவைத் துணைக்கு அழைக்கிறார் (இங்கே உள்ள தோமா அல்ல). வைத்து நிர்வகிப்பது உன்னுடையதாக இருக்கட்டும், பயன்படுத்தும்போது எல்லாருக்கும் பொதுவானதுபோல் எண்ணு, தேவையுள்ளவன் வந்தால் தயங்காதே என்பது அவர் வழி.

---

நெகேமியா

இந்த இழையில் கொஞ்சம் காசு வைத்திருப்பவனே குற்றவாளிபோல் ஆகிக்கொண்டிருக்கிறது. நான் தொழில் செய்கிறவன். என்னை நம்பி 40 பேர் சம்பளம் வாங்குகிறார்கள். பசிலியார் சொன்னபடி பெட்டியைத் திறந்து கொடுத்துவிட்டால் அடுத்த மாதம் அந்த 40 பேரும் பசித்தவர்கள் வரிசையில் நிற்பார்கள்.

ஆபிரகாம் சீமான். இயேசுவின் உடலுக்குக் கல்லறை கொடுத்த அரிமத்தியா ஊரான் யோசேப்பு ஐசுவரியவான். இயேசுவுக்கும் சீஷருக்கும் தங்கள் ஆஸ்திகளால் ஊழியம் செய்த பெண்கள் இருந்தார்கள் (லூக்கா 8:3). பவுல் ஐசுவரியவான்களுக்குச் சொல்வதையும் பாருங்கள்: "நாம் அனுபவிக்கிறதற்கு" சகலவித நன்மைகளையும் கொடுக்கிற தேவன். அனுபவிக்கிறதற்கு என்றே எழுதியிருக்கிறது. அடுத்த வசனம் தாராளமாய்க் கொடுங்கள் என்கிறது. அதையும் மறைக்கவில்லை.

கேள்வி எவ்வளவு இருக்கிறது என்பதல்ல, வருமானம் ஏறும்போது செலவும் கூடவே ஏற வேண்டுமா என்பது. ஜான் வெஸ்லி ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த ஒரு இளைஞனைப் பற்றிச் சொல்கிறார், அது அவரேதான் என்பது பொதுவான கருத்து. முதல் வருடம் 30 பவுண்டு வருமானம்: 28-இல் வாழ்ந்து 2 கொடுத்தான். அடுத்த வருடம் 60 வந்தது: அப்போதும் 28, மீதி 32 ஏழைகளுக்கு. பிறகு 90, பிறகு 120. வாழ்க்கைச் செலவு அதே 28. 1776-இல் வரி அதிகாரிகள் வெள்ளிப் பாத்திரங்களுக்குக் கணக்குக் கேட்டபோது, லண்டனில் இரண்டு கரண்டி, பிரிஸ்டலில் இரண்டு கரண்டி என்று பதில் எழுதினார். சுற்றிலும் பலருக்கு அப்பமில்லாதபோது இதற்குமேல் வாங்கமாட்டேன் என்றும் சேர்த்தார். அந்த இளைஞன் நாலாம் வருடம் கொடுத்தது வருமானத்தில் முக்கால் பங்குக்கு மேல். பத்தில் ஒன்று கழித்தா கழிக்காமலா என்று அவனிடம் கேட்டால் முழித்திருப்பான்.

(நானும் அப்படி வாழ்கிறேனா என்று யாரும் கேட்டுவிடாதீர்கள். இல்லை.)

---

விதைப்பவன்88

அன்பான தேவ ஜனமே! விதையுங்கள் அறுப்பீர்கள்!! நூறத்தனையான ஆசீர்வாதம் இந்த மாதமே உங்கள் வாசலில்!! மாற்கு 10:30!! என் தனிச்செய்திக்கு வாருங்கள்

---

மட்டுறுத்துனர்

மேலே உள்ளவரின் இணைப்புகள் நீக்கப்பட்டன, கணக்கு முடக்கப்பட்டது. மாற்கு 10:30-இல் "துன்பங்களோடேகூட" என்றும் ஒரு சொல் இருக்கிறது. இழையைத் தொடருங்கள்.

---

ரெண்டுகாசு

நான் நேற்று இரவு தொடக்கப் பதிவை மறுபடி வாசித்தேன். புறக்குடி பிரதர், ஒன்று கேட்டால் கோபப்பட மாட்டீர்களே? தசமபாகத்தைப் பற்றி நாலு வரி எழுதியிருக்கிறீர்கள். அதற்கு முன் தங்கையைப் பற்றி இரண்டு வரி. அந்த இரண்டு வரியை ஏன் எழுதினீர்கள்? கேள்விக்கு அது தேவைப்படவே இல்லையே.

மல்கியா 3:10-ஐ எல்லாரும் சொல்கிறோம். அதற்கு ஐந்து வசனம் முன்னால், அதே கர்த்தர் நியாயந்தீர்க்க வரும்போது யார்மேல் வருகிறார் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. சூனியக்காரர், விபசாரர், பொய்யாணை இடுகிறவர்கள், கூலிக்காரனின் கூலியை அபகரிக்கிறவர்கள். ஏழு வருடம் வேலையை விட்டு ஒருத்தி செய்ததற்கு யார் கூலி கொடுத்தது?

---

புறக்குடி

அக்கா, கோபம் இல்லை, ஆனால் கூலியை அபகரித்தவன் வரிசையில் என்னை வைத்தது வலிக்கிறது. சமமாகத்தான் பிரித்தோம். அப்பாவே எழுதிவைத்தது. அவள் எதுவும் கேட்கவில்லை. அண்ணனும் நானும் மாதாமாதம் அனுப்பிக்கொண்டும் இருந்தோம், அண்ணன் நடுவில் நிறுத்திவிட்டார், நான் பெரும்பாலும் அனுப்பினேன். அவள் அப்பாவோடு அந்த வீட்டில் வாடகையில்லாமல்தான் இருந்தாள். என் கேள்வி காணிக்கை பற்றியது. தயவுசெய்து அதற்கு வாருங்கள்.

---

நெகேமியா

நான் புறக்குடி பக்கம். வாரிசுக் கணக்கில் கர்த்தரே தலையிட மறுத்தார். "போதகரே, ஆஸ்தியைப் பாகம் பிரித்து என்னோடே பங்கிடும்படி என் சகோதரனுக்குக் கட்டளையிடும்" என்று ஒருவன் கேட்டபோது, என்னை உங்களுக்குப் பங்கிடுகிறவனாக வைத்தது யார் என்று திருப்பிக் கேட்டார் (லூக்கா 12). நாம் யார் பங்கிட?

---

ரெண்டுகாசு

மறுத்துவிட்டு உடனே ஒரு கதை சொன்னாரே நெகேமியா பிரதர், அதைத்தானே ஒலிவ இலை மேலே சொன்னார். களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்தவனின் கதை எதற்காகச் சொல்லப்பட்டது என்றால், பாகப்பிரிவினைக்காகத்தான். பங்கு கேட்டு வந்தவனுக்குச் சொன்ன பதில் அது. அவன் பேசுகிற நாலு வரியில் "என் தானியம், என் களஞ்சியம், என் பொருள்கள், என் ஆத்துமா." கடைசியாகச் சொன்னது அன்றிரவே போயிற்று. அந்த ஆத்துமா "எடுத்துக்கொள்ளப்படும்" என்ற இடத்தில் கிரேக்கத்தில் இருப்பது கொடுத்ததைத் திருப்பிக் கேட்பதற்கான சொல். கடன்காரன் வாசலில் வந்து நிற்கிற மாதிரி.

அவன் திருடவில்லை. அநியாய வட்டி வாங்கவில்லை. நிலம் நன்றாய் விளைந்தது, அவ்வளவுதான். சட்டப்படி அவன்மேல் ஒரு வழக்கும் போட முடியாது.

---

ஒலிவ இலை

கொர்பானும் இங்கே பொருந்தும். தாய் தகப்பனுக்குச் சேர வேண்டியதைக் கடவுளுக்குக் காணிக்கை என்று சொல்லித் தப்பிப்பதை இயேசு கண்டித்தார் (மாற்கு 7). காணிக்கையைச் சுத்தமாகக் கணக்குப் போட்டால் மற்றக் கணக்குகளைத் திறக்காமலே இருந்துவிடலாம் என்று மனசு நினைக்கும். புறக்குடி அப்படிச் செய்கிறார் என்று சொல்லவில்லை. நான் செய்திருக்கிறேன்.

---

தோமா

எனக்கு வேறொரு சந்தேகம் பாக்கி இருக்கிறது. எல்லாமே அவருடையது, அவரே பங்கிடுகிறார் என்றால், தாலந்து உவமையில்போல ஒருவனுக்கு ஐந்து தாலந்து, இன்னொருவனுக்கு ஒன்று, மற்றொருவனுக்குக் கடன் மட்டும். இதுவும் அவர் பங்கீடுதானா? எங்கள் பழைய இடத்தில் ஏழையிடம் இதைத்தான் சொன்னார்கள்: "உனக்கு அளந்தது அவ்வளவுதான், அதில் உண்மையாயிரு."

---

கணக்குப்பிள்ளை

தாலந்து என்றதும் ஒரு குட்டிக் காசு என்று நம் மனதில் பதிந்துவிட்டது. ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 வெள்ளிப்பணம். திராட்சத்தோட்ட உவமையில் ஒரு நாள் கூலி ஒரு பணம். அப்படியானால் ஒரு தாலந்தை வாங்கிக் குழியில் புதைத்தவன் கையில் இருந்தது ஒரு கூலியாளின் இருபது வருடச் சம்பாத்தியம். அவன் ஏழையே அல்ல. ஆகையால் அந்த உவமையை ஏழைக்குப் புத்தி சொல்ல எடுப்பவர்கள் ஆளை மாற்றிப் பிடிக்கிறார்கள்.

பங்கீட்டுக்கு வருகிறேன். உபாகமம் 15-இல் எளியவன் உங்களுக்குள் இராதபடிக்கு என்று நாலாம் வசனம். தேசத்தில் எளியவர்கள் இல்லாதிருப்பதில்லை, அதனால் கையைத் திற என்று பதினோராம் வசனம். இரண்டும் ஒரே அதிகாரம்! நான் வாசிக்கிற விதம் இது: உக்கிராணத்தில் எல்லாருக்கும் போதுமானது வைக்கப்பட்டிருக்கிறது. சாவி சிலரிடம் இருக்கிறது. ஒருவனுக்குச் சாப்பாடு போய்ச் சேரவில்லை என்றால் வீட்டுக்காரர் போடவில்லை என்று அவனிடம் சொல்வதற்கு முன் சாவிக்காரனைக் கூப்பிட வேண்டும். பவுல் மன்னாவை (வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு வானத்திலிருந்து வந்த அப்பம்) எடுத்துக்காட்டுவதும் இதற்குத்தான்: மிகுதியாய்ச் சேர்த்தவனுக்கு மீதியானதுமில்லை, கொஞ்சமாய்ச் சேர்த்தவனுக்குக் குறைவானதுமில்லை. காலைக்கென்று மீதி வைத்தவன் மன்னா புழுத்து நாறியது. இதற்குமேல் உங்கள் சந்தேகத்துக்கு என்னிடம் பதில் இல்லை தம்பி. பிறவியிலேயே நோயோடு வருகிற பிள்ளைக்கு எந்தச் சாவிக்காரனைக் காட்டுவது? எனக்குத் தெரியாது.

ஒரு புலம்பல், அதைச் சொல்லாமல் விட்டால் தூக்கம் வராது. லூக்கா 16 உக்கிராணக்காரன் வேலை போகப்போகிறது என்றதும் 100 குடம் எண்ணெய்க் கடனை 50 என்றும், 100 கலம் கோதுமையை 80 என்றும் மாற்றி எழுதச் சொல்கிறான். கர்த்தர் அந்த ஆளையா எடுத்துக்காட்டாக்க வேண்டும்? என் தொழிலுக்கே அவமானம் என்று வருடக்கணக்கில் அந்தப் பகுதியைத் தாண்டிப் போயிருக்கிறேன். இப்போது ஒன்று தோன்றுகிறது. அவன் புகழப்பட்டது பொய்க்கணக்குக்கு அல்ல. நாளைக்குச் சாவியை ஒப்படைக்க வேண்டும் என்று நிச்சயமாகத் தெரிந்தவன், கையில் சாவி இருக்கும்போதே அதை மனிதர்களுக்காகத் திருப்பிவிட்டான். நமக்கும் அதே நாள் குறித்திருக்கிறது. நாம்தான் அவனைவிட நிதானமாக இருக்கிறோம்.

புறக்குடி தம்பி, நீங்கள் குற்றவாளி என்று நான் சொல்லமாட்டேன். ரெண்டுகாசு அம்மாவும் அப்படிச் சொல்லவில்லை. தசமபாகத்தைக் கழித்தோ கழிக்காமலோ, மனதில் நியமித்தபடி கொடுங்கள். "விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல." ஆனால் அதற்கு முன் தங்கையை ஒருமுறை போய்ப் பாருங்கள். போன் வேண்டாம்.

---

ஆதிப்பலன்

நான் முதலில் எழுதியதில் மாற்றமில்லை, முதற்பலன் முதலில்தான். ஆனால் தங்கையைப் பற்றிய இரண்டு வரியை நான் கவனிக்கவே இல்லை. ஏன் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

---

புறக்குடி (ஐந்து வாரம் கழித்து)

மன்னிக்கவும், இழையை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டேன். உண்மையைச் சொன்னால் ரெண்டுகாசு அக்கா மேல் ஒரு வாரம் எரிச்சல்.

நானும் மனைவியும் தங்கை வீட்டுக்குப் போனோம். சும்மா பார்க்க வந்தோம் என்றுதான் சொன்னோம். அவள் உள்ளே போய் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்தாள். "நீங்க ரெண்டு பேரும் கேட்கவே இல்ல, நானே குடுத்துடணும்னு இருந்தேன்" என்றாள். ஏழு வருடக் கணக்கு. அப்பாவின் ஓய்வூதியம் வந்த தேதி, நாங்கள் அனுப்பிய தொகை, மருந்து, டயப்பர், மருத்துவமனைக்குப் போன வண்டி வாடகை, இரவில் துணைக்கு வந்த ஒரு பெண்மணிக்குக் கொடுத்தது. பேனா மாறிய இடங்களெல்லாம் தெரிகிறது. அண்ணன் அனுப்புவதை நிறுத்திய மாதத்தில் அந்த வரி காலியாக இருக்கிறது, ஒரு குறிப்பும் இல்லை. நான் விட்ட மாதங்களும் இருக்கின்றன. "பெரும்பாலும் அனுப்பினேன்" என்று இங்கே எழுதினேன் அல்லவா, எண்ணிப் பார்த்தேன், பதினொரு மாதம் விட்டிருக்கிறேன்.

கடைசிப் பக்கத்தில் மிச்சத்தொகை. அதையும் மூன்றாக வகுத்து இரண்டு உறையில் வைத்திருந்தாள்.

மனைவி நோட்டைப் புரட்டிக்கொண்டே இருந்தாள். வெளியே வந்து வண்டியில் ஏறிய பிறகுதான் சொன்னாள், தங்கை பெயரில் ஒரு செலவுகூட அதில் இல்லை என்று. ஒரு செருப்பு வாங்கினதுகூட.

அண்ணனிடம் பேசினேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. எழுத்து எழுத்துதான் என்கிறார். அவரோடு சண்டை போட எனக்குத் தெம்பில்லை, உரிமையும் இருப்பதாகத் தெரியவில்லை.

கணக்குப்பிள்ளை ஐயா, ஒரு உதவி. ஏழு வருடக் கூலியை எப்படிக் கணக்குப் போடுவது? சும்மா ஒரு தொகையைக் கொடுத்தால் வாங்க மாட்டாள். கணக்காகக் கொடுத்தால் வாங்குவாள் என்று தோன்றுகிறது.

---

கணக்குப்பிள்ளை

தம்பி, அந்த நோட்டைத் தொலைத்துவிடாதீர்கள்.

கணக்கு எளிது. வேலையை விட்டபோது அவள் வாங்கிய மாதச் சம்பளம் என்ன என்று கேளுங்கள், உயர்வெல்லாம் சேர்க்க வேண்டாம், சேர்த்தால் தகராறு செய்வாள். அதை 84-ஆல் பெருக்குங்கள். அப்பா மூன்று பேருக்கும் அப்பா, அதனால் மூன்றில் ஒரு பங்கு உங்கள் பொறுப்பு. அதிலிருந்து நீங்கள் அனுப்பியதைக் கழிக்கக்கூடாது. அது அப்பாவின் மருந்துக்குப் போயிற்று, அவள் கைக்கு வரவில்லை. வாடகையில்லாமல் இருந்தாள் என்று முன்பு எழுதினீர்கள், அதையும் கழிக்காதீர்கள். இரவுக் காவலுக்கு வாடகை கிடையாது. விட்ட பதினொரு மாதத்தைத் தனி வரியாகப் போட்டுச் சேருங்கள். அண்ணன் பங்கை நீங்கள் போட வேண்டியதில்லை, அவர் வரி காலியாகவே இருக்கட்டும், நோட்டில் இருப்பதுபோல.

தாளில் எழுதி, கூட்டி, கீழே கையெழுத்துப் போட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள். அவள் சரிபார்ப்பாள்.

---

ஆதிப்பலன்

பிரதர், கேட்காமல் இருக்க முடியவில்லை. தசமபாகம் என்ன ஆயிற்று?

---

புறக்குடி

இன்னும் கொடுக்கவில்லை பிரதர். ஐயா சொன்னபடி போட்டுப் பார்த்ததில் தங்கைக்குப் போக மீதி, முதலில் நான் கணக்குப் போட்டு வைத்திருந்ததில் பாதிகூட இல்லை. வீட்டுக்கடனை இப்போது அடைக்க முடியாது. அந்த மீதியில்தான் பத்தில் ஒன்றா என்று மனைவியிடம் கேட்டேன். "அவள் உறையில் வைத்துக் கொடுத்தாளே, அது இன்னும் பிரிக்காமல் அப்படியே இருக்கிறது, முதலில் அதைச் சொல்" என்றாள்.